உளுந்துக்குள் கிடந்த கல்

காரில் ஆயில் லைட் எரிகிற வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிட முடியாது என்பது இசைவாணிக்கு அந்தப் பங்குனியில்தான் தெரிந்தது. பழைய சோற்றை ஒரு வாய் வைத்த அவள் புருசன் தமிழ்மாறன் பாதியில் கையை உதறிக்கொண்டு எழுந்துபோய், வேப்பமரத்தடியில் நின்ற வெள்ளைக் காரின் பானெட்டைத் தூக்குவான். டிப் ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு உருவி, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பான். ஆயில் அளவெல்லாம் சரியாகத்தான் இருக்கும். பானெட்டைப் படாரென்று சாத்துவான். தட்டில் வைத்த மாவடு அப்படியே கிடக்கும்.

அந்த விளக்கு நேர்மையாக எரிந்திருந்தால்கூட இவ்வளவு தொல்லை இல்லை. ஊருக்குள் மெதுவாக உருட்டும்போது நல்ல பிள்ளையாக அணைந்து கிடக்கும். தஞ்சாவூர் ரோட்டில் ஏறி வேகம் பிடித்துக் கொஞ்ச தூரம் போனதும் சிவப்பாக ஒரு சிமிட்டல். காலைத் தளர்த்தினால் போய்விடும். அழுத்தினால் மறுபடி வரும். பின்சீட்டில் இருப்பவர்கள் கழுத்தை நீட்டி, "தம்பி, அது என்ன செவப்பா?" என்று கேட்பார்கள். "ஒண்ணுமில்லங்க, சென்சார் கோளாறு" என்று சொல்லிவிட்டு, மீதி தூரம் முழுக்க என்ஜின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடியே ஓட்டுவான். வாடகைக்கு ஓடும் அந்தக் கார்தான் வீட்டுக்குச் சோறு போட்டது. என்ஜினுக்குள் ஆயில் சரியாக ஏறாமல் பேரிங் பிடித்துக்கொண்டால் காரும் போச்சு, சோறும் போச்சு.

தமிழ்மாறனின் அப்பா கண்ணுசாமிக்கு இதில் எல்லாம் குழப்பமே கிடையாது. இந்தப் பக்கத்தில் கயிறு சுற்றிப் பம்புசெட்டு கிளப்பிய எந்த ஆம்பளையும் தன்னை என்ஜின் வைத்தியராகத்தான் நினைத்துக்கொள்வான். கண்ணுசாமி ஊரார் வயலில் கூலிக்கு இறங்கி, பின்னால் சொந்தமாக மூன்று மா நிலம் வாங்கி, அதில் பம்புசெட்டும் போட்டவர். அவரிடம் யார் வாதாட முடியும்?

"ஆயிலு தண்ணியாப் போயிருக்கும்டா. வெயிலு அப்பிடி அடிக்குது. கெட்டி ஆயிலா ஊத்து."

"இது பம்புசெட்டு இல்லப்பா."

"என்ஜினுன்னா என்ஜினுதானடா. அதுக்கு ஒரு வவுறு, இதுக்கு ஒரு வவுறா?"

முதலில் அந்த விளக்கை எரியவைக்கிற ஆயில் சுவிட்சை மாற்றிப் பார்த்தான். விளக்கு சிமிட்டியது. ஆயிலையும் பில்டரையும் மாற்றினான். சிமிட்டியது. கடைசியில் அப்பா பேச்சைக் கேட்டு, டிராக்டருக்கு ஊற்றுகிற கெட்டி ஆயிலை வாங்கி ஊற்றினான். முன்பு வல்லம் பக்கம் வந்த சிவப்பு, இப்போது ஊர் எல்லை ஐயனார் கோயிலைத் தாண்டும்போதே வந்தது. கண்ணுசாமி அன்றைக்கு முழுக்க மகன் கண்ணில் படாமல் ஆட்டை ஓட்டிக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் போய்விட்டார்.

இசைவாணி ஒன்றும் பேசவில்லை. பேசுகிற பெண்தான் அவள். ஆனால் இந்த விஷயத்தில் அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த விளக்கு ஏன் எரிகிறது என்று தனக்குத் தெரியும் என்று நினைத்தாள்.

மாசிக் கடைசியில் ஒருநாள். சம்பா அறுத்த தாளடியில் தெளித்த உளுந்தைப் பிடுங்கி, செடியோடு கொண்டுவந்து தார்ரோட்டில் பரப்பியிருந்தார்கள். ஊரே அப்படித்தான் செய்கிறது. நல்லா வெயிலில் காய்ந்த செடிமேல் போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறினால் நெற்று தானாக வெடிக்கும். செடியை உதறி எடுத்துவிட்டுக் கீழே கிடக்கிற உளுந்தைக் கூட்டி அள்ளித் தூற்றினால் வேலை முடிந்தது. அன்றைக்குப் பார்த்து ரோட்டில் ஒரு வண்டி இல்லை. மேற்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. தமிழ்மாறன் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு பஸ்ஸில் போயிருந்தான். கார் மரத்தடியில் நின்றது.

"ஆயி, மழை எறங்கிச்சுன்னா உளுந்து அம்புட்டும் மொளைச்சுப் போவும். வண்டிய எடுத்து நாலு ஓட்டு ஓட்டிரு" என்றார் கண்ணுசாமி.

"அவுங்க ஏசுவாங்க மாமா."

"அவன் வந்தாத்தான ஏசுறதுக்கு. எடு எடு."

அவள் லைசென்ஸ் எடுத்து ஒரு வருசத்துக்கு மேல் ஆகிறது. எடுத்தது மரியாதைக்கு, ஓட்டினது தமிழ்மாறன் பக்கத்தில் உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருக்கும்போது மட்டும்தான். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தபோது வாசல் பக்கம் ஒருதடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள். ஆனால் உளுந்துச்செடிமேல் முதல் தடவை ஏறி, டயருக்கடியில் நெற்று படபடவென்று வெடித்ததும், அவளுக்குச் சிரிப்பாக வந்தது. முன்னால் போனாள். பின்னால் வந்தாள். அதே ரோட்டில் கொஞ்சம் தள்ளிச் செடி பரப்பியிருந்த ராமாயி அத்தைகூடத் தன் உளுந்தை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தாள். அப்படி வேகமாகத் திரும்பி வந்தபோதுதான் அடியில் டொங்கென்று ஒரு சத்தம், சீட்டு வழியாக முதுகுத்தண்டு வரை ஏறியது.

பைக்கில் வருகிறவர்கள் செடிமேல் ஏறி வழுக்கி விழக்கூடாது என்று ஓரத்தில் கல் வைப்பது வழக்கம். கண்ணுசாமி கவைக்கோலால் செடியைப் புரட்டிப் புரட்டிப் போட்டதில் ஒரு கருங்கல் செடிக்குள் புதைந்துபோயிருந்தது. இசைவாணி இறங்கிக் குனிந்து பார்த்தாள். என்ஜினில் கல் மண் படாமலிருக்க அடியில் தகரக் கார்டு போட்டிருந்தது, அதனால் ஒன்றும் தெரியவில்லை. ஆயில் ஒழுகவில்லை. வண்டி ஓடியது.

"ஒண்ணும் ஆவல. அவன்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்காத ஆயி. ஊரக் கூட்டிருவான்" என்றார் கண்ணுசாமி. மழையும் வராமல் ஏமாற்றிவிட்டுப் போனது.

அவள் சொல்லாததற்குக் காரணம் ஏச்சு மட்டும் இல்லை. ஒரத்தநாட்டில் வேலை பார்க்கிற நாலு டீச்சர்கள் ஜூன் மாதத்திலிருந்து தினம் போய்வர ஒரு கார் கேட்டிருந்தார்கள். "வாணி ஓட்டுறதா இருந்தா நாங்க வர்றோம்" என்று பிரகதீஸ்வரி டீச்சர் வீட்டு வாசலுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். தமிழ்மாறன் முடியாது என்று சொல்லவில்லை. "பாப்பம்" என்றான். அவன் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வருவதற்கே அவள் ஒரு வருசம் காத்திருந்தாள். கல் விஷயம் தெரிந்தால் அந்தப் 'பாப்பம்' போயே போய்விடும். அந்தச் சாவி அவளுக்கு வேண்டும். வெட்கமில்லாமல் சொன்னால், நகையைவிட வேண்டும்.

வழக்கமாகச் சவாரி கொடுக்கிற கூத்தாநல்லூர் ஷம்சாத் அக்காவை ஏர்போர்ட்டில் விட வேண்டிய அன்று காலையில் தமிழ்மாறன் ஒரத்தநாடு ரோட்டிலிருக்கும் ராஜாங்கத்தின் பட்டறைக்குக் காரை விட்டான். டீச்சரைப் பார்க்கவேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லி இசைவாணியும் ஏறிக்கொண்டாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். புது ஆற்றில் தண்ணீர் நிறுத்தி நாளாகிவிட்டது. வெறும் மணலில் ஆடு மேய்ந்தது. வழி நெடுக ரோட்டில் உளுந்தும் பயறுமாகப் பரப்பிக் கிடக்க, தமிழ்மாறன் ஒவ்வொன்றுக்கும் முணுமுணுத்துக்கொண்டே சக்கரத்தை ஒடித்து ஒடித்து ஓட்டினான். "கவர்மெண்டு ரோடு போட்டது இவனுங்க உளுந்து காயப்போடத்தான்" என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ராஜாங்கம் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு முழுக்கதையையும் கேட்டார். தெரிந்ததைச் சொல்வதைவிடத் தெரியாததை உறுதியாகச் சொல்வதில் அவர் கெட்டிக்காரர் என்று ஊரில் பேச்சு. ஆனால் கேள்வியெல்லாம் ஒழுங்காகத்தான் கேட்டார்.

"ஸ்லோல நிக்கிறப்ப லைட் வருதா, வேகத்துல வருதா?"

"வேகத்துலதாண்ணே."

"ஸ்லோல வந்தா பேரிங் தேஞ்சு போச்சுன்னு நெனைக்கலாம். வேகத்துல வருதுன்னா பம்புக்கு ஆயில் பத்தல. இல்ல, பம்பே ஒழுங்காத் தள்ளல. இரு, கேஜ் மாட்டிப் பாப்பம். லைட்ட நம்பி என்ஜினத் தொறக்கக் கூடாது."

ஆயில் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் ஆயில் அழுத்தத்தைக் காட்டுகிற, நீளக் குழாய் வைத்த கேஜை முறுக்கினார். தமிழ்மாறன் ஸ்டார்ட் செய்தான். முள் சட்டென்று ஏறி அழகாக நின்றது. "இப்ப மெதுவா ரேஸ் குடு" என்றார். சத்தம் கூடக் கூட முள் இன்னும் கொஞ்சம் ஏறியது; அப்புறம் நடுங்கியது; அப்புறம், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சரிந்து கீழே வந்தது.

"பாத்தியா? ஓட ஓட ஏறணும். இது எறங்குது" என்றவர், குனிந்து காருக்கடியில் எட்டிப் பார்த்தார். "கீழ அடி ஏதும் பட்டுச்சா? சேம்பர்ல?"

சேம்பர் என்பது என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கிற சட்டி. அதற்குள் சல்லடை வைத்த ஒரு குழாய் வாயை வைத்து உறிஞ்சித்தான் பம்பு ஆயிலை மேலே அனுப்ப வேண்டும். இசைவாணிக்கு அது அன்றைக்கு வரை தெரியாது. ஆனால் 'அடி' என்ற சொல் காதில் விழுந்ததும் பட்டறையில் அவள் உட்கார்ந்திருந்த பழைய சீட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சான்ஸே இல்லண்ணே" என்றான் தமிழ்மாறன். "கார்டு போட்டிருக்கேன்ல? அதோட, இந்த வண்டி என் கைய விட்டு வேற கைக்குப் போவாது."

"கார்டுல உளுந்துச்செடி சுத்திக் கெடக்கு."

"இந்த சீசன்ல எந்த வண்டியில இல்ல?"

அதுவும் சரிதான் என்பதுபோல ராஜாங்கம் நிமிர்ந்தார். "அப்பன்னா பம்புதான். சந்தேகமே இல்ல. வண்டிய விட்டுட்டுப் போ. பம்பு தஞ்சாவூர்ல இருக்கா பாக்கணும், இல்லன்னா மெட்ராஸ்லேர்ந்து வரணும்."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஷம்சாத் அக்கா. சிங்கப்பூரில் மகளுக்குப் பிரசவம். ராத்திரி கிளம்பித் திருச்சி ஏர்போர்ட்டில் விட வேண்டும். "தம்பி, வந்துருவீங்கல்ல? நா வேற யாருகிட்டயும் சொல்லல" என்ற குரல் இசைவாணிக்கே கேட்டது. "வந்துர்றேங்க்கா, நீங்க ரெடியா இருங்க" என்று போனை வைத்த தமிழ்மாறன் ராஜாங்கத்திடம் திரும்பினான்.

"அண்ணே, ஒரே ஒரு சவாரி. போயிட்டு வந்து விட்டுர்றேன்."

"கேஜ் முள்ளப் பாத்தல்ல?"

"மெதுவாப் போறேன்."

"ஏர்போர்ட்டுக்கு மெதுவாப் போனா ப்ளேனு உனக்காக நிக்குமா? வேற வண்டிய அனுப்பு."

"போன தடவ அந்த மாதிரி ஒருத்தன அனுப்புனேன். அந்த வீட்டு சவாரி அவனோடயே போயிருச்சு. அக்கா வூட்டு ஆளுவோ மாசம் மூணு தடவ ஏர்போர்ட் போறவங்க." கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னான்: "அந்த லைட் வயர மட்டும் புடுங்கி வுட்டுருங்கண்ணே. செவப்பப் பாத்தா அக்கா பயந்துரும்."

ராஜாங்கம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "உன் வண்டி, உன் இஷ்டம். நடுவழியில என்ஜின் புடிச்சா என்னக் கேக்காத." சொல்லிக்கொண்டே வயரைத் தேடக் குனிந்துவிட்டார்.

இசைவாணிக்குக் கோபம் வந்தது. புருசன்மேல் வந்தது, ராஜாங்கத்தின்மேல் வந்தது, எல்லாவற்றுக்கும் மேல் தன்மேல் வந்தது. இரைச்சலான நாலுவழிச் சாலையில் ஆயில் விளக்கு செத்த காரை இவன் மிதித்துக்கொண்டு போகிறதும், ஷம்சாத் அக்கா பின்னால் பேரக்குழந்தைக்குத் தைத்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் கண்முன் வந்தது. சாவியாவது மண்ணாவது.

"கல்லு பட்டுச்சு" என்றாள்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"அடியில கல்லு பட்டுச்சு. நான்தான். நீங்க கல்யாணத்துக்குப் போனீங்கல்ல, அன்னைக்கு மழை வர்ற மாதிரி இருந்துச்சு. உளுந்து மேல ஓட்டுனேன். உள்ள கல்லு கெடந்துச்சு. நல்லாவே பட்டுச்சு."

தமிழ்மாறன் அவளையே பார்த்தான். ஏசுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் ஏசவில்லை. "இத்தன நாளா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல், ரோட்டைத் தாண்டி எதிரிலிருந்த டீக்கடைக்குப் போய் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். அது ஏச்சைவிட மோசமாக இருந்தது. ஜூன் மாதமும் டீச்சர்களும் தூர தேசமாகப் போய்விட்டார்கள்.

"மொதல்லயே சொல்லியிருந்தா பம்பு பேச்சே எடுத்திருக்க மாட்டேன்ல தங்கச்சி" என்று ராஜாங்கம் அவள்மேல் பாரத்தை வைத்துவிட்டு ஜாக்கியைத் தள்ளினார்.

ஆயிலை வடித்தார். கார்டைக் கழற்றினார், மண்ணும் உளுந்துச் சருகும் பொலபொலவென்று கொட்டின. பிறகு சேம்பரைச் சுற்றி போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒட்டிக்கொண்டிருந்ததைத் தட்டிப் பெயர்த்து, சட்டியை இறக்கி வெளிச்சத்தில் கவிழ்த்தார். பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினார்.

"தமிழு! டீயக் குடிச்சுட்டு வா. இங்க ஒரு வேடிக்கை இருக்கு."

சட்டியின் அடியில் இரண்டு நசுங்கல் இருந்தன. ஒன்று புதுசு, பளபளப்பாக இருந்தது. இன்னொன்று அதைவிட ஆழமானது; அதன் மடிப்பில் துரு ஏறி, துருவுக்குமேல் யாரோ கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ராஜாங்கம் பெயிண்டை நகத்தால் சுரண்டிக் காட்டினார்.

"இந்தப் பழசுதான் சட்டியச் சல்லடை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோயி வுட்டது. கொஞ்சம் எடம் பாக்கி இருந்திருக்கு. தங்கச்சி அடிச்சது அதையும் அடைச்சிருச்சு. ஆயில் உறிய வழி இல்லாமப் போச்சு. இதுல நீ கெட்டி ஆயில வேற ஊத்திருக்க. கெஞ்சிக் கெஞ்சித்தான் உறிஞ்சிருக்கும் பாவம்."

இசைவாணி சட்டியைப் பார்த்தாள். பிறகு கழற்றிப் போட்டிருந்த கார்டைப் பார்த்தாள். போன ஆனியில் பேராவூரணித் தென்னந்தோப்புக்கு ஒரு சவாரி போய்வந்த மறுவாரம்தான் அவன் அதைப் போட்டான். எதற்குத் திடீரென்று என்று கேட்டதற்கு, "நல்லதுக்குத்தான்" என்றான். பக்கத்து வீட்டுக்காரர்களிடம்கூட அந்தக் கார்டைப் பெருமையாகத் தட்டிக் காட்டினான்.

"பெயிண்டு அடிச்சது யாருங்க?" என்றாள்.

தமிழ்மாறன் காதோரத்தைச் சொறிந்தான். "தோப்புக்குள்ள ஒரு தென்னங்கட்ட. புல்லு மறைச்சு இருந்துச்சு."

"சொல்லவே இல்ல?"

"சொன்னா, நான் எடுத்தா மட்டும் ஏசுறீங்கன்னு நீ..." என்று இழுத்தவன் நிறுத்திக்கொண்டான்.

சிரிப்பதா, அந்தச் சட்டியை எடுத்து அவன் தலையில் போடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் அவள் மென்று விழுங்கிய சோறெல்லாம் நெஞ்சில் நின்றதே, அத்தனையும் ஞாபகம் வந்தது. "நல்லாருக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

ராஜாங்கம் சட்டியை மணல்மூட்டைமேல் வைத்து மரச்சுத்தியால் உள்ளிருந்து தட்டித் தட்டி நசுங்கலை வெளியே எடுத்தார். சல்லடையை டீசலில் அலசினார். பம்பைத் தொடவே இல்லை. சந்தேகமே இல்லை என்று சொன்ன வாய் அதைப் பற்றி அப்புறம் பேசவும் இல்லை. பசையைத் தடவி மாட்டிக் காயவிட்டு, சரியான ஆயிலை ஊற்றி முடிக்கும்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மேற்கே மறுபடி மேகம் கூடியது. ஸ்டார்ட் செய்து ரேஸ் கொடுத்ததும் முள் ஏறி, ஏறின இடத்திலேயே நின்றது.

"நின்ன எடத்துல சரி. ரோட்டுல சூடேறுனதுக்கு அப்பறம் என்ன பண்ணுதுன்னு பாக்கணும்" என்று கேஜின் குழாயை இடப்பக்க ஜன்னல் வழியாக உள்ளே விட்டார் ராஜாங்கம். "ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் முள்ளப் பாக்கணும். எனக்கு அந்த டிராக்டர் கெடக்கு, நான் வரல."

தமிழ்மாறன் ஓட்டுகிற பக்கம் போய்க் கதவைத் திறந்தான். கேஜைப் பார்த்தான். இவளைப் பார்த்தான். முள் விஷயத்தில் அவன் இன்னொருத்தர் கண்ணை நம்புகிற ஆள் இல்லை. சற்று நின்று யோசித்துவிட்டு, சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தான்.

"நீ ஓட்டு. நான் கேஜப் பாக்குறேன்."

அவள் ஏறினாள். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். ஆற்றங்கரை ரோட்டுக்கு வந்ததும் வேகம் பிடித்தாள். "இன்னும் மிதி" என்றான். மிதித்தாள். "இன்னும்." மிதித்தாள். அவன் கேஜை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்திருந்தான். ஹேண்ட் பிரேக் பக்கம் அவன் கை வரவே இல்லை.

"நிக்குதுங்களா?"

"நிக்குது. ரோட்டப் பாரு."

ஊருக்குள் திரும்பும் வளைவில் ரோட்டை முழுசாக அடைத்து ராமாயி அத்தை உளுந்து பரப்பியிருந்தாள். கருத்த வானத்தைப் பார்த்துவிட்டு, காரைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். "ஏத்து வாணி! ஏத்து! நாலு ஓட்டு ஓட்டிட்டுப் போம்மா, மழை வந்துரும்!"

இசைவாணி காரை நிறுத்தினாள். கால் பிரேக்கிலேயே ஊன்றிக்கொண்டது. பக்கத்தில் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. போதும், இறங்கு, நான் எடுக்கிறேன் என்று சொல்லப்போகிறான் என்று நினைத்தாள்.

அவன் கேஜை சீட்டில் பத்திரமாக வைத்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினான். செருப்பைக் கழற்றி ஓரத்தில் போட்டான். வெறுங்காலோடு செடிக்குள் இறங்கி, சேற்றில் நண்டு வளை தேடுகிறவன் மாதிரி பாதத்தால் துழாவித் துழாவி நடந்தான். நடுவில் நின்றான். குனிந்து ஒரு கல்லை எடுத்து வாய்க்கால் பக்கம் வீசினான். இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. "என்னடா தமிழு, வச்ச கல்லையெல்லாம் தூக்கிப் போடுற?" என்று ராமாயி அத்தை கத்தினாள். அவன் காதில் வாங்கவில்லை. அந்தக் கோடி வரைக்கும் நடந்து முடித்து, திரும்பி, அவளைப் பார்த்து நின்றான்.

ஏர்போர்ட்டிலும் கோயில் வாசலிலும் மற்ற டிரைவர்களுக்கு அவன் அப்படிக் கை காட்டுவதை அவள் பார்த்திருக்கிறாள். அவளுக்குக் காட்டியதில்லை. உள்ளங்கையைத் தன் பக்கமாக மடக்கி மடக்கி அசைத்தான்.

"வரட்டும்... வரட்டும்... நேரா வரட்டும்."

காலி சீட்டில் முள் அசையாமல் நின்றது. இசைவாணி கியரைப் போட்டாள். டயருக்கடியில் நெற்றெல்லாம் படபடவென்று வெடிக்க ஆரம்பித்தது.